ஸ்பேசர் வைத்தால் மருந்து வீணாகுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. ஆஸ்துமாவுக்காக ஸ்டீராய்டு இன்ஹேலரை வாயில் வைத்து அடித்துக்கொள்கிறார். சில நாட்களாகக் குரல் கம்மியிருக்கிறது. நாக்கில் வெள்ளை படிகிறது. மருத்துவர் ஸ்பேசர் வாங்கச் சொன்னார். இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையில் இப்படி ஒரு குழாயை வைத்தால் மருந்து வீணாகாதா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதுதான் வீணாகிறது. நுரையீரலுக்குப் போகவேண்டிய மருந்து அம்மாவின் வாயிலும் தொண்டையிலும் தங்குகிறது. அந்த வெள்ளை பெரும்பாலும் பூஞ்சைத் தொற்றாக இருக்கும். மருத்துவரிடம் காட்டினால் எளிதில் குணமாகும். அதற்குப் பயந்து இன்ஹேலரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இன்ஹேலரை அழுத்தியதும் உள்ளே திரவமாக இருக்கும் வாயு சட்டென்று கொதித்து, மருந்தைத் துளிகளாகச் சிதறடித்துப் பீய்ச்சுகிறது. வெளிவரும் கணத்தில் துளிகள் பெரியவை, வேகமும் அதிகம். தொண்டையோ கிட்டத்தட்ட செங்குத்தாகக் கீழே வளைகிறது. வேகமாக வரும் பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாமல் மோதுவதுபோல, கனத்த துளிகள் பின்தொண்டையில் அறைந்து ஒட்டிக்கொள்கின்றன. காற்றோடு வளைந்து சிறு மூச்சுக்குழல்கள்வரை போவது பெரும்பாலும் 5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துளிகள்தான்.

ஸ்பேசருக்குள் அந்தப் பீச்சல் சுழன்று கொந்தளித்து, சுற்றியுள்ள காற்றை உள்ளிழுத்து விரிகிறது. விரிய விரிய வேகம் தணிகிறது. அதற்குள் உந்துவாயு ஆவியாகித் துளிகள் சுருங்குகின்றன. சுருங்காத பெருந்துளிகள் குழாய்ச் சுவரில் படியும். அதைப் பார்த்து வருந்த வேண்டாம். ஸ்பேசர் இல்லாவிட்டால் அவை தொண்டையில்தான் படிந்திருக்கும்.

இன்ஹேலரைக் குலுக்கி ஒருமுறை அழுத்தியதும், தாமதிக்காமல் மெதுவாக, ஆழமாக இழுக்கச் சொல்லுங்கள். பிறகு முடிந்தால் 10 விநாடி மூச்சை அடக்கட்டும். இரண்டு பஃப் என்றால் இரண்டையும் சேர்த்து அடிக்கக் கூடாது. துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகிச் சுவரிலேயே நின்றுவிடும். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புவது கட்டாயம்.

ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவி, துடைக்காமல் தானாக உலரவிடுங்கள். பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, நுண்துளிகளைச் சுவர் இழுத்துக்கொள்ளும்.

இவையெல்லாம் பீய்ச்சும் இன்ஹேலருக்கு மட்டுமே. கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் பொடி இன்ஹேலருக்கு ஸ்பேசர் பொருந்தாது. அதை வேகமாக உறிஞ்ச வேண்டும்.

ஸ்பேசருக்கு மாறியும் குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அம்மாவை அழைத்துச் செல்லுங்கள்.