வாசகர் கேள்வி – பதில்: ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே

அண்மையில் வந்த கடிதங்களுள் நான்கு, கனடாவில், ரொறன்ரோவுக்கு வடக்கே நம்மவர் பலர் குடியிருக்கும் யோர்க் பிராந்தியத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. ஆகையால் அவற்றை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

மகன் மார்க்கத்தில் வீடு வாங்கியிருக்கிறார். அயலவர் கேட்டால் "ரொறன்ரோவில் இருக்கிறார்" என்றுதான் சொல்கிறோம். பேத்தியோ தன் பாடசாலை ஒப்படையில் "யோர்க் பிராந்தியம்" என்று எழுதியிருக்கிறாள். எது சரி?
*– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோண்டாவில்*

பேத்தி எழுதியதே சரி. ரொறன்ரோ மாநகரின் வட எல்லை, கிழக்கு மேற்காக ஓடும் ஸ்டீல்ஸ் என்னும் நெடுவீதி. அவ்வீதியின் தென்புறத்து வீடு ரொறன்ரோவைச் சேர்ந்தது. வடபுறத்து வீடு, கிழக்கே என்றால் மார்க்கத்தையும் மேற்கே என்றால் வோன் நகரையும் சேர்ந்தது. நம்மவர் வாயில் அடிக்கடி வரும் ஸ்காபரோ 1998 வரை தனி நகராக இருந்து, பின்னர் ரொறன்ரோவுடன் இணைக்கப்பட்டது. மார்க்கம் அவ்வாறு இணைக்கப்படவில்லை.

1792 இல் வகுக்கப்பட்ட யோர்க் கவுண்டி என்ற ஆட்சிப் பிரிவின் தென்பகுதி, 1954 இல் பெருநகர ரொறன்ரோ எனப் பிரிந்து சென்றது. எஞ்சிய வடபகுதி 1971 இல் யோர்க் பிராந்தியமாக மாற்றியமைக்கப்பட்டது. அதன் கீழ் மார்க்கம், வோன், ரிச்மண்ட் ஹில், அரோரா, நியூமார்க்கெட், கிங், விட்சேர்ச்–ஸ்டோவில், ஈஸ்ட் குவிலிம்பரி, ஜோர்ஜினா என ஒன்பது உள்ளூராட்சி அமைப்புகள் உள்ளன. தலைமைச் செயலகம் நியூமார்க்கெட்டில் இருக்கிறது. பொலிசும் குடிநீர் வழங்கலும் பெருவீதிகளும் பிராந்தியத்தின் பொறுப்பு. தீயணைப்பும் நூலகமும் பூங்காவும் அந்தந்த நகரத்தின் பொறுப்பு. நம் யாழ்ப்பாண மாவட்டத்தின் கீழ் பிரதேச செயலாளர் பிரிவுகள் பதினைந்து இருப்பதை நினைவுக்குக் கொண்டுவந்தால் படம் ஓரளவு விளங்கும். ஆனால் அங்கே மேலடுக்கையும் நடத்துவது, நகர முதல்வர்களும் அமர்ந்திருக்கும் ஒரு சபையே.

வீதியின் எந்தப் புறம் என்பதில் காசு விவகாரமும் உண்டு. ரொறன்ரோ மாநகரசபை, ஒன்ராறியோ மாகாண வரிக்கு மேலதிகமாக, வீடு வாங்குவோரிடம் 2008 முதல் தானும் ஒரு காணி கைமாற்ற வரியை அறவிடுகிறது. வடபுறத்தில் அந்த இரண்டாவது வரி இல்லை. உங்கள் மகனும் இதைக் கணக்குப் பார்த்திருப்பார் என்றே எண்ணுகிறேன்.

யோர்க் பிராந்தியத்தின் குடித்தொகை யாழ்ப்பாண மாவட்டத்தைவிட அதிகமா? தமிழர்களே அங்கே பெரும்பான்மை என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார்.
*– வாசகர், சுன்னாகம்*

அதிகம்தான். 2021 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் அங்கே 1,173,334 பேர் பதிவாகினர். யாழ்ப்பாண மாவட்டத்தில் 2012 இல் பதிவானோர் 583,882 பேர். ஆனால் பரப்பளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யோர்க் ஏறத்தாழ 1,760 சதுர கிலோமீற்றர்; நம் மாவட்டம் 1,025. வகுத்துப் பார்த்தால் அங்கே ஒரு சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 670 பேர், இங்கே 570 பேர். வேறுபாடு அவ்வளவு பெரிதல்ல.

இந்தச் சராசரியை நம்பி ஒருவர் அங்கே போய் இறங்கினால் ஏமாந்துபோவார். நம் வலிகாமத்தில் வளவும் வேலியும் தோட்டமும் கோயிலுமாக ஊரோடு ஊர் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. சுன்னாகம் எங்கே முடிந்து மல்லாகம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பெயர்ப்பலகை பார்த்தே சொல்ல வேண்டியிருக்கும். யோர்க்கில் சனத்தில் பெரும்பகுதி தெற்கே குவிந்திருக்கிறது. மார்க்கம் (338,503), வோன் (323,103), ரிச்மண்ட் ஹில் (202,022) ஆகிய மூன்று நகரங்களிலேயே நாலில் மூன்று பங்கினர் வாழ்கின்றனர். மார்க்கத்தில் சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1,600 பேர். அதே பிராந்தியத்தின் கிங் பிரிவிலோ 82 பேர் மட்டுமே. அங்கே காரில் கால்மணி நேரம் ஓடினாலும் குதிரை லாயங்களும் காடுமே தென்படும்.

வளர்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். 2001 இல் 729,254 ஆக இருந்த தொகை இருபது ஆண்டுகளில் அறுபது வீதத்துக்கு மேல் உயர்ந்தது. இப்போது வேகம் வடக்கே நகர்ந்துவிட்டது: 2016 க்கும் 2021 க்கும் இடையில் மார்க்கம் 2.9 வீதம் மட்டுமே வளர, ஈஸ்ட் குவிலிம்பரி 23,991 இலிருந்து 34,637 ஆக, அதாவது 44 வீதம் பெருகியது. இங்கே கணக்கு எதிர்த்திசையில் ஓடியது. அப்போது இதனுள் அடங்கியிருந்த கிளிநொச்சி நீங்கலாக 1981 இல் 738,788 பேர் இருந்த நம் மாவட்டம், 2012 இல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அந்தக் குறைவில் ஒரு பகுதி ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே இருக்கிறது என்பது உங்கள் ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்தாலே விளங்கும்.

பெரும்பான்மைப் பேச்சைப் பொறுத்தவரை, அது நம்மவரின் வழக்கமான மிகைப்படுத்தல். மார்க்கத்தில் மிகப் பெரிய சமூகம் சீனர். ஏறத்தாழ அரைவாசிப் பேர். வோனில் இத்தாலிய வம்சாவளியினர் நெடுங்காலமாக வேரூன்றியவர்கள். தமிழர் மார்க்கத்தின் கிழக்குப் பகுதியில், ஸ்காபரோவை ஒட்டிச் செறிந்துள்ளனர். லோகன் கணபதி 2006 இல் மார்க்கம் நகரசபைக்கும் 2018 இல் மாகாண சட்டமன்றத்துக்கும் தெரிவானார். 'வன்னி' என்ற பெயரில் ஒரு வீதியும் அந்நகரில் உண்டு.

அவ்வளவு வெறும் நிலம் கிடக்க, வீட்டு விலை ஏன் வானத்தைத் தொடுகிறது? ஏன் வடக்கே கட்டிக்கொண்டு போகவில்லை?
*– வாசகர், சாவகச்சேரி*

நிலம் கிடக்கிறது, ஆனால் வெறுமனே கிடக்கவில்லை. பிராந்தியத்தின் இடுப்பில் கச்சை கட்டியதுபோல, ஓக் றிட்ஜஸ் எனப்படும் பனிக்கட்டியாற்றுப் படிவுமேடு ஒன்று கிழக்கு மேற்காகக் குறுக்கே செல்கிறது. ஏறத்தாழ 160 கிலோமீற்றர் நீளமுள்ள இம்மேட்டின் ஒரு துண்டே யோர்க்கினுள் அடங்கும். பனிக்கட்டியுகத்தின் இறுதியில், உருகிய நீர் கொண்டுவந்து கொட்டிய மணலும் பரலும் அங்கே தடிப்பான படைகளாகக் கிடக்கின்றன. மழையும் உருகும் பனியும் அதனுள் இறங்கித் தங்கி, மெல்ல ஊறி, இருபுறமும் அருவிகளாக வெளிப்படுகின்றன. தெற்கே ஹம்பர், டொன், ரூஜ் ஆகிய ஆறுகள் ஒன்ராறியோ ஏரிக்கும், வடக்கே ஹொலண்ட் ஆறு சிம்கோ ஏரிக்கும் ஓடுகின்றன.

யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்கச் சிரமமில்லை. நமக்கு வழுக்கியாற்றைத் தவிர ஆறு கிடையாது. சுண்ணக்கற் பாறையினுள் இறங்கிய மழைநீர் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு நன்னீர் வில்லையாகத் தங்க, அதையே கிணற்றில் அள்ளுகிறோம். மேலே என்ன கொட்டினாலும் கீழே போய்ச் சேரும் என்பதை நைத்திரேற்றுக் கலந்த கிணறுகள் நமக்குப் பிந்திக் காட்டின. அங்கே மேட்டைத் தார் போட்டு மூடினால் ஆறுகளின் ஊற்றுக்கண் அடைபடும் என்ற கவலை முந்திக்கொண்டது: 2001 இல் படிவுமேட்டைக் காக்கும் சட்டமும் 2005 இல் பசுமை வலயச் சட்டமும் வந்தன. பிராந்தியத்தின் பெரும்பகுதி இவற்றுள் அடங்கிவிடுவதால் கட்டக்கூடிய நிலம் சுருங்குகிறது. விலைக்கு இது ஒரு காரணமே தவிர, முழுக் காரணம் அல்ல. வட்டி வீதமும் குடிவரவும் வேறு கதைகள். 2022 இன் இறுதியில் மாகாண அரசு ஏறத்தாழ 7,400 ஏக்கரைப் பசுமை வலயத்திலிருந்து விடுவித்து, எதிர்ப்பு வலுக்கவே, 2023 செப்ரெம்பரில் முதல்வர் டக் போர்ட் மன்னிப்புக் கேட்டு அம்முடிவைக் கைவிட்டார்.

கட்டும் இடத்திலும் மழைநீருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். மார்க்கத்தில் என் மருமகளின் வீட்டுப் பின்வேலிக்கு அப்பால் ஒரு குளம் தெரிந்தது. கரையெல்லாம் நாணற்புல், இரண்டு வாத்துகள். "என்ன குளம் பிள்ளை, பெயர் என்ன?" என்று கேட்டேன். "பெயரில்லை மாமா, கூரைத் தண்ணியும் றோட்டுத் தண்ணியும் வந்து நிக்கிற இடம்" என்றாள். குடியிருப்பை அமைத்தபோதே தோண்டியதாம். கரையில், மாரியில் பனிக்கட்டி மீது கால் வைக்காதீர் என்றொரு பலகை நின்றது.

அங்கே கடல் உண்டா? தோட்டம் செய்வோர் உண்டா?
*– தோட்டக்காரர், உரும்பிராய்*

கடல் இல்லை. ஒன்ராறியோ ஏரியின் கரைகூட இப்பிராந்தியத்துக்குள் வராததால், தென்பகுதி நகரங்களுக்கான ஏரித் தண்ணீரை ரொறன்ரோவிடமும் பீல் பிராந்தியத்திடமும் விலைக்கு வாங்குகிறார்கள். வட எல்லையில், ஸ்டீல்ஸிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றரில் – யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு வரையான தூரத்தில் – சிம்கோ ஏரி இருக்கிறது. மாரியில் அது உறைந்ததும் பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போடுவார்கள்.

தோட்டம் உண்டு; உங்களுக்குப் பிடித்த பயிரும் உண்டு. ஹொலண்ட் ஆற்றங்கரைச் சதுப்பு நிலம் 1920களின் பிற்பகுதியில் அணை கட்டி, கால்வாய் வெட்டி வடிக்கப்பட்டது. கிங் பிரிவிலும் அயலிலுள்ள சிம்கோ கவுண்டியிலுமாகப் பரந்திருக்கும் ஏறத்தாழ 7,000 ஏக்கர் கரிய மண்ணில் கரட்டும் வெங்காயமும் விளைகின்றன. 1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி அந்த நிலம் முழுவதையும் வெள்ளத்தில் மூழ்கடித்தது. நீரை இறைத்து மறுபடி பயிரிட்டார்கள். உங்கள் செம்மண்போல் அது நிலைத்த மண் அல்ல. மக்கிய தாவரங்களால் ஆன மண் ஆகையால், நீர் வடிந்து காற்றுப் படப்பட அதுவே உக்கிக் கரைந்து, ஆண்டுக்கு ஆண்டு தாழ்ந்துகொண்டிருக்கிறது. அங்குள்ள வெங்காயம் நம் சின்ன வெங்காயம் அல்ல, பெரிய வெங்காயமே.