ட்ரிபிள் ஈ எடுக்கட்டும், அம்மா

வணக்கம் அம்மா,

போனில் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. அதனால் எழுதியே அனுப்புகிறேன். உங்கள் மகள் இன்ஜினியரிங்கில் ட்ரிபிள் ஈ, அதாவது மின், மின்னணுப் பொறியியல்தான் எடுப்பேன் என்கிறாள். ஆஸ்திரேலியா போய், காற்றாலை மின்சாரத்தை ஊருக்குக் கொண்டுவரும் வேலை பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிட்டால் நிம்மதி என்பது உங்கள் நினைப்பு. ‘பொம்பளப் புள்ள கம்பத்துல ஏறணுமா சார்?’ என்று கேட்டீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஏற வேண்டியதில்லை. டவர் நிறுத்துவதும் கம்பி இழுப்பதும் அதற்கென்று பழகிய ஆட்களின் வேலை. இன்ஜினியர் கணக்குப் போடுகிறவர். ஒரு லைனில் இடி விழுந்தால் எந்த ரிலே (கோளாறைக் கண்டு லைனைத் துண்டிக்கச் சொல்லும் கருவி) எத்தனை மில்லிசெகண்டில் வேலை செய்ய வேண்டும், புதிதாக ஒரு சோலார் பண்ணை சேர்ந்தால் பக்கத்து சப்ஸ்டேஷனில் வோல்டேஜ் என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல வேண்டும். ஹெல்மெட்டும் ஷூவும் போட்டு வெயிலில் நிற்கும் நாட்களும் வரும். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

இந்தக் கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஆஸ்திரேலியா பட்டுத் தெரிந்துகொண்டது. 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் சூறைக்காற்று டவர்களைச் சாய்த்துவிட்டது. லைன்கள் அடுத்தடுத்து டிரிப் ஆக, அதாவது தாமாகவே துண்டித்துக்கொள்ள, இரண்டு நிமிடத்துக்குள் ஆறு முறை வோல்டேஜ் சரிந்தது. அங்கிருந்த காற்றாலைகளில் ஒரு செட்டிங் இருந்தது: இத்தனை முறைக்கு மேல் சரிந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள் என்று. கிரிட்டை, அதாவது மொத்த மின்கட்டமைப்பை நடத்துகிறவர்களுக்கே அது தெரியாது. ஒன்பது காற்றாலைப் பண்ணைகள் சேர்ந்து 456 மெகாவாட்டைக் குறைத்தன. அந்தச் சுமை முழுக்க விக்டோரியாவிலிருந்து வரும் லைன் மேல் விழுந்தது, அதுவும் துண்டித்துக்கொண்டது. மாநிலமே இருட்டில் கிடந்தது. இப்போது அங்கே ஒரு சோலார் பண்ணையைக் கிரிட்டில் சேர்க்க வேண்டுமானால், இப்படி ஒரு நிலைமையை அது தாங்குமா என்று பிஎஸ்கேட் மாதிரியான சாஃப்ட்வேரில் ஓட்டிக் காட்ட வேண்டும். உங்கள் மகள் போக நினைப்பது இந்த வேலைக்குத்தான். கம்ப்யூட்டரும் இதில் இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது.

இதைக் கற்றுக்கொள்ள முதல் நாளே விமானம் ஏற வேண்டாம். முப்பந்தலில் காற்றாலைகள் இருக்கின்றன, கமுதியில் 648 மெகாவாட் சோலார் இருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்ட லைன் வருகிறது. 6,000 மெகாவாட்டைக் கொண்டுவரக்கூடியது. இங்கே மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு அவள் போகட்டும். படித்த கையோடு கடன் வாங்கி மேல்படிப்புக்கு ஓடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, கல்லூரி. இது பலருக்குத் தெரியாமல் போகிறது. ஒரு நாட்டின் இன்ஜினியரிங் பட்டத்தை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்கு வாஷிங்டன் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. இந்தியா 2014இல் அதில் முழு உறுப்பினரானது. ஆனால் என்.பி.ஏ. (படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரத்தில் டியர் 1 என்று இருக்கும் படிப்புகளுக்கு மட்டுமே அந்தப் பலன். டியர் 2 என்றால் கிடையாது. கல்லூரியின் பெயரைப் பார்க்காதீர்கள். அந்தக் கல்லூரியின் ட்ரிபிள் ஈ படிப்புக்கு டியர் 1 இருக்கிறதா, எந்த வருடம் வரை என்று பாருங்கள். நல்ல தன்னாட்சிக் கல்லூரிகள் பலவற்றில் கிடைக்கும்.

டியர் 1 கிடைக்காவிட்டாலும் கதவு மூடிவிடாது. குடியேற வரும் இன்ஜினியர்களின் தகுதியைப் பார்க்கும் இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா அமைப்புக்குத் திறன் அறிக்கை ஒன்று எழுதித் தர வேண்டும். தான் செய்த மூன்று வேலைகளைப் பற்றி மூன்று கட்டுரைகள். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினால் நான்கு பிரிவிலும் 6 வேண்டும். இதில் நம் பிள்ளைகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: ‘நாங்கள் செய்தோம்’ என்று எழுதிவிடுவார்கள். ‘நான்’ என்ன செய்தேன் என்பதுதான் கேள்வி.

என்னிடம் வந்த ஒரு பையன் சப்ஸ்டேஷனில் சேர்ந்த நாளிலிருந்து சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தான். அட்டையில் எண்ணெய்க் கறை. ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தான்: ‘இரவு 2.10. 110 கேவி ஃபீடர் டிரிப். சி.டி. ரேஷியோ ரிலேயில் தப்பாகப் போட்டிருந்தது. 400க்கு 1 என்பதற்குப் பதில் 800க்கு 1. நான் கண்டுபிடித்தேன்.’ சி.டி. என்பது லைனில் ஓடும் பெரிய மின்னோட்டத்தை ரிலேக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும் கருவி. பக்கத்திலேயே கையால் வரைந்த ஒரு சர்க்யூட். அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அந்த நோட்டே அவனுக்குப் போதுமாக இருந்தது. பணம் கொடுத்தால் அறிக்கையை எழுதித் தருகிறோம் என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். காப்பி என்று தெரிந்தால் விண்ணப்பம் தள்ளுபடி, சில காலத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் விடமாட்டார்கள். அந்தப் பாடு பட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு பொறுக்காது.

அங்கே போனபிறகும் முதல் வேலை கிடைக்கச் சில மாதம் ஆகலாம். உள்ளூர் அனுபவம் கேட்பார்கள். குவீன்ஸ்லாந்தில் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டுமானால் அந்த மாநிலத்தின் பதிவு தனியாக வேண்டும். கையில் ஆறு மாதச் செலவுக்காவது பணம் இருந்தால் நல்லது.

அவளுடைய கட் ஆஃபுக்குக் கிடைக்கக்கூடிய கல்லூரிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே டியர் 1 இருக்கிறதா என்பதை அவளையே பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். சாய்ஸ் பூட்டுவதற்கு முன் இரண்டு பேரும் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.