கேட்டு வாங்கியது

அன்புள்ள அக்கா,

நியூஜெர்சிக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. சென்ற மாதம்தான் குடியுரிமை நேர்காணல் முடிந்தது. அதற்காகப் படித்தபோது அமெரிக்க யூதர்களின் கதை கண்ணில் பட்டது. ஐரோப்பா அவர்களைத் துரத்திக்கொண்டிருந்த காலத்தில் அமெரிக்கா முதல் நாளிலிருந்தே குடியுரிமையும் மதச் சுதந்திரமும் கொடுத்திருக்கிறது! ஜார்ஜ் வாஷிங்டன் 1790-ல் நியூபோர்ட் யூதர்களுக்கு எழுதிய கடிதம் என்னைக் கலங்க வைத்துவிட்டது. கிறிஸ்தவப் பெரும்பான்மைக்கு இத்தனை சகிப்புத்தன்மை எப்படி வந்தது? யூதர்கள் இன்று எல்லாத் துறைகளிலும் முன்னணியில் இருப்பது இந்த வாய்ப்பினாலா, இல்லை இயல்பிலேயே அவர்கள் மூளை அப்படியா? இன்றைய இஸ்ரேல் அரசின் செயல்களை இந்த வரலாற்றோடு எப்படிப் பொருத்திப் பார்ப்பது? இது பற்றிப் படிக்க நல்ல நூல்கள் இருந்தால் சொல்லுங்கள். ஆகஸ்டில் குடும்பத்தோடு நியூபோர்ட் போகிறோம்.

எஸ்.

*

அன்புள்ள தம்பி,

முதலில் வாழ்த்துகள். வீட்டில் பாயசம் வைத்தார்களா?

நான் பதில் எழுதுவதில் மகா சோம்பேறி என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. வீடு மாற்றுவதற்காகப் பழைய கோப்புகளைக் கிளறிக்கொண்டிருந்தேன். பால்டிமோரை ஒட்டிய பைக்ஸ்வில்லில் நாங்கள் குடியிருந்தபோது என் மகளின் பள்ளிக்கு நான் எழுதிய ஒரு கடிதத்தின் நகல் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே உங்கள் கடிதத்தைப் படித்தேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

நூல் பட்டியல் கேட்காதீர்கள். பட்டியல் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எதையும் படிப்பதில்லை. மூளை பற்றிய கேள்வியை நான் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்துக்கே இயல்பில் மூளை அதிகம் என்று இன்று பாராட்டுகிற வாய்தான் நாளைக்கு அவர்களுக்கு இயல்பிலேயே தந்திரமும் அதிகம் என்று சொல்லும். அடுத்தது இஸ்ரேல். ஒரு அரசு செய்வதை அந்த அரசிடம்தான் கேட்க வேண்டும். பால்டிமோரில் வழக்கறிஞராக முடியாமல் நின்ற ஒரு யூதரின் கதைக்குள் அதைக் கொண்டுவந்து முடிச்சுப் போடாதீர்கள்.

இப்போது உங்கள் காதைத் திருக வேண்டிய இடம். வாஷிங்டனின் கடிதம் கலங்க வைத்தது என்கிறீர்கள். அதை முழுசாகப் படித்தீர்களா? அடுத்த வரியிலேயே "சகிப்புத்தன்மை" என்று எழுதுகிறீர்களே! அந்தக் கடிதம் உதறித் தள்ளுவதே அந்தச் சொல்லைத்தானே? ஒரு கூட்டத்தார் மனது வைத்து விட்டுக்கொடுப்பதால்தான் இன்னொரு கூட்டத்தார் தங்கள் பிறப்புரிமையை அனுபவிக்கிறார்கள் என்பதுபோல சகிப்பைப் பற்றிப் பேசுவது இனி இல்லை என்கிறார் வாஷிங்டன். பல்வலியைச் சகிக்கிறோம், மாடி வீட்டுக்காரரின் மிக்ஸி சத்தத்தைச் சகிக்கிறோம். கூடவே குடியிருக்கிற மனிதரைச் சகிக்கிறேன் என்றால் அவருக்கு நீங்கள் என்ன மரியாதை கொடுக்கிறீர்கள்? நம் மொழியில் மேடைக்கு மேடை இந்தச் சொல்லைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அதைக் கேட்டாலே உடம்பு எரியும்.

இன்னொரு சொல், "கொடுத்தது". அமெரிக்கா கொடுத்தது, வாஷிங்டன் கொடுத்தார் என்கிறீர்கள். அந்தக் கடிதம் எதற்கு எழுதப்பட்டது தெரியுமா? அது ஒரு பதில், இதோ நான் உங்களுக்கு எழுதுவதுபோல. 1790 மே மாதக் கடைசியில்தான் ரோட் தீவு மாநிலம் அரசியல் சட்டத்தை ஏற்றது. ஆகஸ்டில் வாஷிங்டன் அந்த மாநிலத்தின் நியூபோர்ட்டுக்கு வந்தார். ஊர்ப் பெரியவர்கள் வரவேற்பு மடல்கள் வாசித்தார்கள். யூத சபையின் சார்பில் மோசஸ் சேஷாஸ் என்பவர் ஒன்றை எழுதியிருந்தார். சுதந்திரக் குடிமக்களின் உரிமைகள் இதுவரை எங்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன என்று அதில் நேராகவே சொல்கிறார். மதவெறிக்கு அனுமதி தராத, கொடுமைக்குத் துணைபோகாத அரசு என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்களே, அந்த வரியும் முதலில் இருப்பது சேஷாஸின் மடலில்தான். வாஷிங்டன் அதை அப்படியே எடுத்துத் தன் பதிலில் போட்டுக்கொண்டார். அவர் திருடிவிட்டார் என்று சொல்லவில்லை. மடலுக்குப் பதில் எழுதுகிறவர் மடலின் வார்த்தைகளைத் திருப்பிச் சொல்வது மரியாதை, ஒப்புதல். ஆனால் ஊர் உலகம் அதை வாஷிங்டன் வாக்கு என்றே சொல்கிறது. சேஷாஸ் என்ற பெயர் உங்கள் கடிதத்தில் இல்லை பாருங்கள். கேட்டவன் மறந்துபோவான், கொடுத்தவனுக்குச் சிலை எழும். எனக்குள்ள தீராத வழக்கு இதுதான், தம்பி.

"முதல் நாளிலிருந்தே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் என்ன நடந்தது? 1654-ல் பிரேசிலின் ரெசிஃபேயைப் போர்த்துகீசியர் மீட்டதும் அங்கிருந்து ஓடிய 23 யூதர்கள் நியூ ஆம்ஸ்டர்டாமில், அதாவது இன்றைய நியூயார்க்கில், கரையிறங்கினார்கள். ஆளுநர் ஸ்டைவசன்ட் இவர்களைத் துரத்த அனுமதி கேட்டு, ஊரை ஆண்ட டச்சு மேற்கிந்தியக் கம்பெனிக்கு எழுதினார். அடுத்த வருடம் கம்பெனியின் பதில் வந்தது: இருக்கட்டும், ஆனால் இவர்களின் ஏழைகள் கம்பெனிக்கோ ஊருக்கோ பாரமாகக் கூடாது. அதற்குக் கம்பெனி சொன்ன காரணங்களில் ஒன்று, யூதர்கள் கம்பெனியின் பங்குகளில் பெரிய முதல் போட்டிருக்கிறார்கள் என்பது. இதில் சகிப்புத்தன்மை எங்கே இருக்கிறது, கணக்குப்பிள்ளையின் பேரேடுதான் இருக்கிறது. அந்த ஊரில் ஆசர் லெவி என்று ஒருவர். யூதர்கள் ஊர்க்காவலில் நிற்க வேண்டாம், அதற்குப் பதில் வரி கட்டினால் போதும் என்றார்கள். வரி வேண்டாம், மற்றவர்களைப்போல நானும் காவலுக்கு நிற்கிறேன் என்று மனுப் போட்டார். பிடிக்காவிட்டால் ஊரை விட்டுப் போகலாம் என்று பதில் வந்தது. அவர் போகவில்லை. 1657-ல் நகரவாசி உரிமையையும் வாங்கிவிட்டார்.

நீங்கள் போகிற நியூபோர்ட்டிலேயே, புரட்சிக்கு முன்னால், ஏரன் லோப்பஸ் என்ற பெரிய யூத வணிகர் குடியுரிமை கேட்டபோது 1762-ல் ரோட் தீவு நீதிமன்றம் மறுத்தது. மனசாட்சியின் சுதந்திரத்துக்காகவே தோன்றிய காலனி என்று பெயர் வாங்கிய இடம் அது! அவர் எல்லை தாண்டி மாசசூசெட்ஸ் போய் அதே வருடம் குடியுரிமை வாங்கிவந்தார். அடுத்த வருடம் அந்த ஊரில் யூதர்களின் தூரோ ஜெப ஆலயம் திறக்கப்பட்டது. கட்டடம் அழகு. உள்ளே பன்னிரண்டு தூண்கள் மேல்மாடத்தைத் தாங்கி நிற்கும். சரி, அதை நீங்களே பார்ப்பீர்கள்.

இப்போது பைக்ஸ்வில். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு யூத அம்மா இருந்தார். எண்பதை நெருங்கியவர், தனியாள், யாருக்கும் பயப்படாதவர். தீபாவளிக்கு மகளுக்கு விடுப்பு வேண்டும் என்று நான் பள்ளி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்கிறோம்" என்றார். நான் மூன்று தடவை நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து அந்த அம்மாவிடம், எவ்வளவு நல்லவர்கள் தெரியுமா என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "எதற்கு நன்றி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் ஒரு மணி நேரம் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

அவருடைய அப்பா துணிக்கடை வைத்திருந்தவர். சனிக்கிழமை ஓய்வுநாள் என்று மதம் கடையை மூடச் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை மூடு என்று சட்டம் சொன்னது. அக்கம்பக்கத்துக் கடைகள் ஆறு நாள் திறந்திருக்க, அவர் ஐந்து நாள் வியாபாரத்தில் குடும்பத்தை ஓட்டினார். இந்த ஞாயிறுச் சட்டத்தை எதிர்த்து பிலடெல்ஃபியாவின் யூதக் கடைக்காரர்கள் உச்சநீதிமன்றம் வரை போய் 1961-ல் தோற்றார்கள். வழிபடுவதை யாரும் தடுக்கவில்லையே, கொஞ்சம் பணம்தானே நஷ்டம் என்பது தீர்ப்பின் சாரம்.

பால்டிமோர் இருக்கிற மேரிலாந்து மாநிலத்தின் கதையையும் அவர் சொல்லித்தான் நான் முதலில் கேட்டேன். 1776-ல் எழுதப்பட்ட மாநில அரசியல் சட்டத்தின்படி, பதவிக்கு வருகிறவர் கிறிஸ்தவ மதத்தில் நம்பிக்கை உண்டு என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். யூதர் நகர மன்றத்தில் உட்கார முடியாது, வழக்கறிஞராக முடியாது. மத்திய அரசியல் சட்டமோ எந்தப் பதவிக்கும் மதச் சோதனை கூடாது என்று 1787-லேயே எழுதிவிட்டது. ஆனால் அது மத்திய அரசின் பதவிகளை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. விளைவு என்ன தெரியுமா? 1801-ல் அதிபர் ஜெஃபர்சன், ரூபன் எட்டிங் என்ற யூதரை மேரிலாந்துக்கு மத்திய அரசின் மார்ஷலாக நியமித்தார். அதே மனிதர் அதே மாநிலத்தில் மாநில அரசின் சின்னப் பதவி ஒன்றுக்குக்கூட வர முடியாது.

ரூபனின் தம்பி சாலமன் எட்டிங் 1797-ல் சட்டமன்றத்துக்கு மனுப் போட்டார். குழு பார்த்தது. கோரிக்கை நியாயமானதுதான், ஆனால் கூட்டத்தொடர் முடியப்போகிறது, இவ்வளவு பெரிய விஷயத்தை இப்போது எடுக்க முடியாது என்று எழுதி வைத்துவிட்டது. நியாயம்தான், ஆனால் நேரமில்லை! இந்த வாக்கியத்தை எத்தனை அலுவலகங்களில் கேட்டிருப்போம். எட்டிங் விடவில்லை, திரும்பத் திரும்ப மனுப் போட்டார்.

1818-ல் தாமஸ் கென்னடி என்ற உறுப்பினர் இதைக் கையில் எடுத்தார். ஸ்காட்லாந்தில் பிறந்த கிறிஸ்தவர். தனக்கு ஒரு யூதரைக்கூடத் தெரியாது என்று சபையிலேயே சொன்னவர். அவர் தொகுதியில் இதனால் ஒரு ஓட்டுக்கூடக் கிடைக்காது. மசோதா தோற்றது, மறுபடி கொண்டுவந்தார், மறுபடி தோற்றது. அரசியல் சட்டத்தைத் திருத்த அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்கள் நிறைவேற்ற வேண்டும். முதல் சுற்றில் ஒருவழியாக ஜெயித்ததும், 1823 தேர்தலில் எதிரணி "கிறிஸ்தவ அணி" என்று பெயர் வைத்துக்கொண்டு அவரைத் தோற்கடித்தது. திரும்பவும் நின்று ஜெயித்து வந்தார். 1826 ஜனவரியில் திருத்தம் உறுதியானது. எட்டிங்கின் முதல் மனுவிலிருந்து எண்ணினால் 29 வருடம். அதிலும் யூதர்கள் மறுமையில் நன்மை தீமைக்குப் பலன் உண்டு என்று நம்புவதாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அந்த வருடமே எட்டிங்கும் ஜேக்கப் கோஹனும் பால்டிமோர் நகர மன்றத்துக்குத் தேர்வானார்கள். வட கரோலினாவில் 1868 வரை ஆயிற்று.

கென்னடி மேல் எனக்கு அபாரமான மரியாதை உண்டு. ஆனால் எட்டிங்கைப் பின்னால் தள்ளிவிட்டு அவரை மட்டும் கொண்டாடினால், மறுபடியும் "கொடுத்தார்" கதையாகிவிடும்.

1862-ல், உள்நாட்டுப் போரின்போது, ஜெனரல் கிராண்ட் தன் படைப்பகுதியிலிருந்து யூதர்களை மொத்தமாக வெளியேற்ற உத்தரவு போட்டதையும், கென்டக்கியின் பதுக்கா என்ற ஊரிலிருந்து சீசர் காஸ்கெல் என்ற யூதர் வாஷிங்டன் நகரத்துக்குப் போய் லிங்கனைப் பார்த்து ரத்து செய்ய வைத்ததையும் நீங்களே தேடிக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒருவர் ரயிலேறிப் போய்க் கேட்டதால்தான் நடந்தது.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். நியூபோர்ட் கடிதத்தின் முடிவில் மீகா தீர்க்கதரிசியின் வாக்கு வரும். அவரவர் திராட்சைக்கொடியின் நிழலிலும் அத்திமர நிழலிலும் அச்சுறுத்துவார் இல்லாமல் உட்காருவார்கள் என்று. அதை எழுதியவர் அடிமைகளை வைத்திருந்தார். குடியுரிமை மறுக்கப்பட்ட அந்த லோப்பஸே அடிமை வணிகத்திலும் ஈடுபட்டவர். அதே 1790 மார்ச்சில் வந்த முதல் குடியுரிமைச் சட்டம் "சுதந்திரமான வெள்ளையர்" மட்டுமே குடியுரிமை கேட்கலாம் என்றது. குடியேறிவந்த யூதர்கள் வெள்ளையர் கணக்கில் சேர்ந்தார்கள். நம்மவர்கள் சேரவில்லை. 1923-ல் பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில் இந்தியர் வெள்ளையர் அல்ல என்று உச்சநீதிமன்றம் தீர்த்தது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்து அதைப் பிடுங்கவும் செய்தார்கள். 1946-ல்தான் அந்தக் கதவு திறந்தது. நீங்கள் சென்ற மாதம் உள்ளே போன கதவு அது, தம்பி. அதையும் யாரோ தட்டிக்கொண்டே நின்றிருந்தார்கள்.

நியூபோர்ட்டில் ஆகஸ்டில் அந்தக் கடிதத்தை விழாவாக வாசிப்பார்கள். தேதி விசாரித்துக்கொண்டு போங்கள். பிள்ளைகளுக்கு சேஷாஸின் மடலை முதலில் படித்துக் காட்டுங்கள்.

பள்ளிக் கதையை முடிக்கவில்லையே. அந்த அம்மா என்னை உட்கார வைத்து எழுதச் சொன்னார். இந்த ஒரு தடவைக்கு மட்டும் இல்லை, எல்லா வருடத்துக்கும். முதல் வரைவு "தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி" என்று ஆரம்பித்தது. சிவப்புப் பென்சிலால் அடித்தார். இரண்டாவதில் நன்றியைக் கடைசிப் பத்திக்கு நகர்த்திப் பார்த்தேன். அங்கேயும் அடித்தார். மூன்றாவதில் வெறும் தேதியும் காரணமும் விதியும் இருந்தன. ஆனால் பழக்கதோஷம், நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டருக்குச் சொல்லிக்கொடுத்தபடி கையெழுத்துக்கு மேலே "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று போட்டிருந்தேன். நகலில் இப்போதும் தெரிகிறது, அதை மட்டும் இரண்டு கோடு போட்டு அடித்திருக்கிறார்.

அன்புடன்,
அக்கா