உள்ளூர் மண் நீர் பாதுகாப்பு மாவட்டத்தாரை நம்பி நம் நிலத்துக்குள் விடலாமா?

இந்தியானாவில் பயிர்நிலம் வாங்கியிருப்பதாகவும், ஒவ்வொரு பெருமழைக்கும் நடுவயலில் பள்ளம் விழுவதாகவும், பக்கத்துப் பண்ணைக்காரர் மண் நீர் பாதுகாப்பு மாவட்ட அலுவலகத்தைக் கூப்பிடச் சொல்வதாகவும், ஆனால் உறவினர்கள் "அரசாங்கத்தை உள்ளே விட்டால் அபராதம் போடுவார்கள், அதன்பின் சொந்த நிலத்திலேயே எதுவும் செய்ய முடியாது" என்று தடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயங்காமல் கூப்பிடுங்கள் என்பதே என் பதில். நானும் என் கணவரும் வடமேற்கு ஒஹாயோவில், ஆக்லேஸ் ஆற்றுக்குத் தண்ணீர் வடியும் பகுதியில், நிலம் வாங்கியபோது இதே எச்சரிக்கையை ஏறக்குறைய இதே சொற்களில் எங்களிடமும் சொன்னார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே 'மாவட்டம்' என்பது நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு அல்ல, மண்ணையும் நீரையும் காக்க நிலக்காரர்களுக்கு உதவுகிற உள்ளூர் அமைப்பு. 1930களில் அமெரிக்காவின் நடுச் சமவெளியில் உழுது திறந்துபோட்டிருந்த மண், வறட்சியிலும் காற்றிலும் கிளம்பிப் புழுதிப் புயலாக ஊர்களை மூடியது. ஹியூ ஹேமண்ட் பென்னட் என்ற மண்ணியல் அறிஞர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை அதன் பிறகே காங்கிரஸ் செவிமடுத்தது. 1935 ஏப்ரலில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, அதற்கென ஒரு கூட்டரசுத் துறையும் உருவாயிற்று. அந்தத் துறைதான் 1994 முதல் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை என்ற பெயரில் இயங்குகிறது. ஆனால் வாஷிங்டனிலிருந்து வருகிற அலுவலர் ஒருவர் சொல்லி எந்த விவசாயியும் தன் உழவு முறையை மாற்றிக்கொள்ள மாட்டார். ஆகவே 1937 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் எல்லா மாநில ஆளுநர்களுக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பி, உள்ளூர் நிலவுடைமையாளர்களே நடத்தும் மாவட்டங்களை அமைக்கச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில், பென்னட் பிறந்த ஆன்சன் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் இருக்கிற நிர்வாகப் பிரிவு), வட கரோலினாவின் பிரவுன் க்ரீக் பகுதியில், முதல் மாவட்டம் அமைந்தது. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 3,000 மாவட்டங்கள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் வளப் பாதுகாப்பு மாவட்டம் என்றும், நெப்ராஸ்காவில் இயற்கை வள மாவட்டம் என்றும் பெயர்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்.

ஒஹாயோவில் 88 கவுண்டிகள். கவுண்டிக்கு ஒரு மாவட்டம். ஒவ்வொன்றையும் ஐந்து பேர் கொண்ட குழு மேற்பார்வையிடுகிறது. ஐவரையும் அந்தந்தக் கவுண்டி மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் இந்தியானாவிலும் ஐவர்தான், ஆனால் மூவர் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள், இருவர் நியமிக்கப்படுகிறவர்கள். எங்கள் கவுண்டியில் இந்தப் பொறுப்பில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாவும் விதைத்துக்கொண்டு, மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தாம். உங்கள் உறவினர்கள் "அரசாங்கம்" என்று சொல்லும்போது இந்த மனிதர்கள் அவர்கள் நினைவில் வருவதில்லை.

இனி எங்கள் நிலத்துக்கு வருகிறேன். வயலின் நடுவே ஒரு தாழ்வான பட்டை இருக்கிறது. மேலே இருக்கிற அண்டை நிலத்தின் தண்ணீரும் சேர்ந்து அதன் வழியாகத்தான் இறங்குகிறது. முந்தைய உரிமையாளர் அந்தப் பள்ளத்தில் உடைந்த கான்கிரீட் துண்டுகளைக் கொட்டி வைத்திருந்தார். தண்ணீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு இருபுறமும் கரையை அறுத்ததால், ஒரு பள்ளம் இரண்டாகியிருந்தது. இதைவிட என்னை இன்றும் வருத்துவது வேறொன்று. இந்தப் பகுதியில் வயலுக்கு அடியில் வடிகுழாய்கள் புதைத்திருப்பார்கள், இங்கே டைல் என்பார்கள். அவை எங்கே ஓடுகின்றன என்ற வரைபடம் எங்களுக்குத் தரப்படவே இல்லை. விற்பனையை நடத்திக் கொடுத்தவர்கள் "டைல் எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறது" என்று வாயால் சொன்னதோடு சரி. வீட்டுக்குக் கூரையின் வயது முதல் கரையான் வரை சோதித்துக் கையெழுத்து வாங்குகிற இந்த நாட்டில், பல லட்சம் டாலருக்கு விற்கிற பயிர்நிலத்துக்கு மட்டும் மண்ணைப் பற்றியோ வடிகாலைப் பற்றியோ ஒரு தாள்கூட இல்லாமல் கைமாற்றிவிடுகிறார்கள். நம்மவர்கள் கூடுகிற இடங்களில் நிலத்தை முதலீடாக வாங்கச் சொல்லிப் பேசுகிறவர்களும் ஏக்கர் விலை எவ்வளவு ஏறும் என்பதைச் சொல்கிறார்களே ஒழிய, மேல்மண் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மாவட்ட அலுவலகத்தை அழைத்தபோது கட்டணம் எதுவும் கேட்கவில்லை. தொழில்நுட்ப உதவியாளர் ஓர் இளம்பெண். வருவதற்கு முன்பே மண் வரைபடத்தை எடுத்து வைத்திருந்தார். மேட்டுச் சரிவில் இருப்பது கிளின்வுட், மெல்ல ஏறுகிற இடத்தில் பிளவுண்ட், தாழ்வில் கறுத்த பெவாமோ என்று எங்கள் நிலத்தின் மூன்று மண் வகைகளையும் பெயர் சொல்லிக் காட்டினார். பழைய விமானப் படங்களையும் திரையில் விரித்து, ஈர மண்ணின் நிற வேறுபாட்டை வைத்து டைல் ஓடக்கூடிய கோடுகளைக் குறித்துக் கொடுத்தார். எங்களுக்கு விற்றவர்கள் தராததை, எங்களோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத ஓர் அலுவலகம் தந்தது.

பிறகு அவர் செய்துகாட்டிய சோதனையை உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். வேலியோரத்தில் பல காலமாக உழவு படாத புல்தரையிலிருந்து ஒரு மண்கட்டியும், வயலின் நடுவிலிருந்து அதே அளவில் ஒரு மண்கட்டியும் எடுத்தார். வாயில் கம்பிவலை தொங்கவிட்ட இரண்டு கண்ணாடி ஜாடிகளில் தண்ணீர் நிரப்பி, வலைக்கு ஒன்றாக இரண்டையும் வைத்தார். வயல் கட்டி குமிழி விட்டபடியே கரைந்து வலைக்கண் வழியாகக் கொட்டியது. தண்ணீர் சட்டென்று தேநீர் நிறமாயிற்று. வேலியோரத்துக் கட்டி அப்படியே வலையில் உட்கார்ந்திருந்தது, நாங்கள் பேசி முடிக்கும்வரை தண்ணீரும் தெளிவாகவே இருந்தது. வேர்களும் பூஞ்சை இழைகளும் மக்கிய பொருளும் பிடித்து வைத்திருக்கிற மண் நனைந்தாலும் உதிராது என்றும், அந்தப் பிடிப்பு இல்லாத மண் முதல் மழையிலேயே பொடிந்து, தன் துளைகளைத் தானே அடைத்துக்கொள்வதால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலோடி வருகிறது என்றும் விளக்கினார். பள்ளத்தின் காரணம் பள்ளத்தில் மட்டும் இல்லை, மேலே உள்ள வயல் முழுவதிலும் இருக்கிறது என்பது எனக்கு அப்போது விளங்கியது.

அவர் வகுத்துக் கொடுத்த திட்டம் ஒரு புல் வாய்க்கால். தண்ணீர் இயல்பாக ஓடுகிற அந்தத் தாழ்வுப் பட்டையை அகலமாக, ஆழம் குறைவாக, தட்டுப்போல வழித்தெடுத்து, அதில் அடர்ந்து வேர்விடுகிற புல்லை விதைப்பார்கள். எவ்வளவு பரப்பிலிருந்து தண்ணீர் வருகிறது, சரிவு எத்தனை என்பதைக் கணக்கிட்டே அகலத்தை முடிவு செய்கிறார்கள். பள்ளத்தின் தலைப்பகுதி ஒவ்வொரு மழைக்கும் இடிந்து மேட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருப்பதால் அங்கிருந்துதான் வேலையைத் திட்டமிட வேண்டும் என்றும், டைல் குழாயை வாய்க்காலின் நட்ட நடுவில் போடாமல் ஒரு பக்கமாகப் போட வேண்டும் என்றும் அவர் சொன்னதை எந்த மண்வெட்டி இயந்திர ஒப்பந்தக்காரரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. கான்கிரீட்டை அகற்றி, மண்ணை வழித்து, விதைத்து, வைக்கோல் பாய் விரித்தபோது அவரே வந்து அளவுகோலை வைத்து மட்டம் பார்த்தார்.

உங்கள் நிலத்தையும் நீங்கள் குத்தகைக்குத்தான் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். அப்படியானால் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். எங்கள் குத்தகைதாரருக்கு முதலில் இதில் விருப்பம் இல்லை. விதைக்கும் வரிசைகள் குறையும், வாய்க்காலைக் கடக்கும்போதெல்லாம் கருவியைத் தூக்க வேண்டும், களைக்கொல்லியை நிறுத்த வேண்டும் என்பவை அவருடைய கவலைகள், மூன்றும் நியாயமானவையே. மாவட்டத்தார் எங்கள் சமையலறை மேசையில் அவரோடு உட்கார்ந்து பேசியதால்தான் அது தீர்ந்தது. நாங்கள் மட்டும் சொல்லியிருந்தால் வயலறியாத வெளியூர்க்காரர்களின் ஆசையாகவே அது அவருக்குத் தோன்றியிருக்கும். புல் வாய்க்காலான பரப்புக்குக் குத்தகைப் பணத்தைக் குறைத்தோம். வாய்க்காலை வண்டிப்பாதையாகப் பயன்படுத்தக் கூடாது, பறவைகள் குஞ்சு பொரிக்கிற பருவம் முடியும்வரை புல்லை வெட்டக் கூடாது என்பவற்றைக் குத்தகைச் சீட்டிலேயே எழுதிக்கொண்டோம். அறுவடைக்குப் பிறகு மூடுபயிராக, கோதுமைக்கு நெருங்கிய தானியமான ரை விதைக்க அவர் இப்போது தாமாகவே மாவட்டத்தின் உழாமல் விதைக்கும் கருவியை வாடகைக்கு எடுக்கிறார்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆலோசனையும் வடிவமைப்பும் இலவசம். கட்டுமானச் செலவுக்குத்தான் திட்டங்கள் இருக்கின்றன. கூட்டரசின் செலவுப் பங்கீட்டுத் திட்டத்தில் ஒரு பகுதிச் செலவைத் திரும்பப் பெறலாம். விவசாயத்தில் பத்து ஆண்டுக்கு மேல் ஆகாதவர்களுக்கு அந்தப் பங்கு கூடுதல். நிலத்தைப் புல்லாகவே விட்டுவைக்க ஒப்பந்தம் செய்தால், 10 முதல் 15 ஆண்டுகள் வரை ஆண்டு வாடகை தருகிற இருப்பு நிலத் திட்டமும் உண்டு. அதற்குப் பொதுவாக நிலம் உங்கள் கையில் 12 மாதமாவது இருந்திருக்க வேண்டும். இரண்டிலும் ஒரு விதியை மறக்காதீர்கள்: ஒப்புதல் வருவதற்கு முன் மண்ணைத் தொட்டால் அந்த வேலைக்குப் பணம் கிடைக்காது. காத்திருப்பு நீளமாகவே இருக்கும். ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், விற்கும் எண்ணம் இருந்தால் நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.

அபராதத்தைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். "எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லையே" என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதக்கூடும், அது சரிதான். பென்சில்வேனியாவில் கட்டுமான இடங்களின் மண் அரிப்பு அனுமதியைக் கவனிப்பது இதே மாவட்டங்கள்தாம். ஒஹாயோவிலும் சாணக் கழிவு ஓடையில் கலந்தால் புகார் அவர்களிடம் போகும். ஆனால் உதவி கேட்டு அழைத்த உங்கள் வயலில் பள்ளம் இருக்கிறது என்பதற்காக யாரும் அபராதச் சீட்டு எழுத மாட்டார்கள். கூட்டரசு விவசாயத் துறையின் திட்டங்களுக்காகத் திரட்டப்படும் உங்கள் நில விவரங்களை வெளியிடக் கூடாது என்று 2008ஆம் ஆண்டின் பண்ணைச் சட்டம் சொல்கிறது. சதுப்பு நிலத்தை வடித்துப் பயிர்நிலமாக்கினால் கூட்டரசு விவசாயச் சலுகைகளை இழக்க நேரிடும் என்ற விதி 1985 முதல் இருப்பது உண்மை. மரம் வெட்டுவதற்கும் புதிய வடிகால் தோண்டுவதற்கும் முன்பே போய்க் கேட்பதற்கு அதுவே இன்னொரு காரணம்.

"நான்கு ஏக்கர் பள்ளத்துக்கு இத்தனை பேச்சா" என்று கேட்பவர்களுக்காக இதையும் சொல்கிறேன். 2014 ஆகஸ்டில் ஒஹாயோவின் டொலீடோ நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போயிற்று. ஈரி ஏரியில் படர்ந்த பாசியின் நஞ்சு குடிநீரில் வந்ததே காரணம். அந்தப் பாசிக்கு உணவான பாஸ்பரஸின் பெரும்பகுதி மாமீ ஆற்றின் வழியாகத்தான், எங்களைப் போன்றவர்களின் வயல்களிலிருந்து, ஏரிக்குப் போகிறது. ஆக்லேஸ் ஆறு மாமீயில் கலக்கிறது. ஆகவே எங்கள் பள்ளத்தில் கரைந்த மண் எங்களோடு முடிகிற விஷயமாக இருக்கவில்லை. புல் வாய்க்கால் மண்ணோடு ஒட்டிப் போகிற பாஸ்பரஸைத் தடுக்கும். தண்ணீரில் கரைந்து டைல் வழியே போவதைத் தடுக்காது. அதற்கு உரத்தை மண் பரிசோதனைப்படி, தேவையான இடத்தில், தேவையான அளவில் மட்டும் இட வேண்டும். ஒஹாயோ மாநிலம் 2019இல் தொடங்கிய எச்2ஒஹாயோ திட்டத்தில் அப்படி உர மேலாண்மைத் திட்டம் வகுக்கிற விவசாயிகளுக்குப் பணம் தருகிறார்கள். அதில் விவசாயிகளைச் சேர்த்ததும் இந்த மாவட்ட அலுவலகங்களே.

இத்தனையையும் செய்கிறவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. 2025 தொடக்கத்தில் கூட்டரசு விவசாயத் துறையில் புதிதாகச் சேர்ந்த பலர் நீக்கப்பட்டு, சில திட்டங்களின் பணமும் நிறுத்திவைக்கப்பட்டபோது, கோபத்தோடு வந்த விவசாயிகளுக்குப் பதில் சொன்னவர்கள் அதே கட்டடத்தில் இருந்த கவுண்டி ஊழியர்கள்தாம். அவர்களை "அரசாங்கத்து ஆள்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் பள்ளத்தைப் பொறுத்தவரை, வசந்த காலத்தில் அவர்கள் மரக்கன்று விற்பனையிலும் விதைப்புக் கால வேலைகளிலும் மூழ்கியிருப்பார்கள் என்பதால், அறுவடை முடிந்து தரை திறந்திருக்கும் நவம்பரில் வரச் சொல்லுங்கள். தரையின் வடிவமும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். பெருமழை பெய்யும்போது தண்ணீர் எங்கிருந்து நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். குத்தகைச் சீட்டையும், கூட்டரசு விவசாயத் துறையின் பண்ணைச் சேவை முகமை உங்கள் நிலத்துக்குக் கொடுத்திருக்கும் பண்ணை எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். குத்தகைதாரரையும் அந்த முதல் சந்திப்புக்கே அழைத்துவிடுங்கள்.