நேராக இருந்தால் ஸ்பேனர், திரும்பினால் சுத்தியலா?

கேள்வி: மேசையில் நேராக வைத்த ஸ்பேனரை என் நியூரல் நெட்வொர்க் சரியாகச் சொல்கிறது. திருப்பி வைத்தால் சுத்தியல் என்கிறது. பொருள் எது என்பதோடு, எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்றும் சொல்ல வைக்க முடியுமா?

பதில்: முடியும். படங்களுக்குப் பயன்படும் நியூரல் நெட்வொர்க்கான கன்வலூஷன் வலையில், கோடு போன்ற வடிவத்தைத் தேடும் சிறு எண் கட்டமான ஃபில்டர் ஒன்றே படம் முழுக்க ஓடுவதால், பொருள் தள்ளி இருந்தாலும் வலை சமாளித்துவிடும். திரும்பினால்தான் தடுமாறும், படுக்கைக் கோட்டுக்குப் பழகிய ஃபில்டர் செங்குத்துக் கோட்டைக் கண்டுகொள்ளாது. எனவே எல்லாக் கோணத்திலும் படம் காட்டிப் பழக்குங்கள்.

கணினியிலேயே படங்களைச் சுழற்றுகிறீர்களா? மூலைகளில் கறுப்பு முக்கோணங்கள் விழும். வலை ஸ்பேனரை விட்டுவிட்டு அந்த மூலைகளைப் பார்த்தே கோணத்தைச் சொல்லக் கற்றுக்கொள்ளும். பயிற்சியில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு, கேமராவில் வரும் நிஜப் படத்தில் கோட்டை விடும். 224 பிக்சல் படமென்றால் சுழற்றிய பின் நடுவில் 158×158 மட்டும் வெட்டி எடுங்கள். எந்தக் கோணத்திலும் கறுப்பு வராது. இடம் வலமாகப் புரட்டிய படத்துக்குக் கோணத்தையும் மாற்ற வேண்டும்: படுக்கைக் கோட்டிலிருந்து அளந்தால் 30 டிகிரி 150 ஆகிவிடும். பலர் இதை மறப்பார்கள்.

கோணத்தை 0 முதல் 360 வரை ஒற்றை எண்ணாகக் கேட்காதீர்கள். 359-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசம் 2 டிகிரிதான்; வலையின் கணக்கில் அது 358. சைன், கொசைன் என இரண்டு எண்களாக வாங்கி, ஏடேன்2 ஃபங்ஷனில் கொடுத்துக் கோணமாக மாற்றுங்கள்.

இரு முனையும் ஒன்றுபோல் உள்ள ஸ்பேனரில் இன்னொரு சிக்கல். 10 டிகிரியும் 190 டிகிரியும் ஒரே படம். விடை மட்டும் சைன் 0.17, மைனஸ் 0.17 என எதிரெதிர். வலை இரண்டுக்கும் நடுவே பூஜ்யத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கோணத்தை இரட்டிப்பாக்கிப் பயிற்சி கொடுத்து, விடையைப் பாதியாக்குங்கள். அறுகோண நட்டுக்கு 6-ஆல் பெருக்க வேண்டும். முழு வட்டத்துக்கும் கோணம் கேட்கும்போது சராசரிப் பிழை 90 டிகிரி அருகிலேயே நின்றால், வலை குருட்டாம்போக்கில் சொல்கிறது என்று பொருள்.

கேள்வி: இந்த வலைகள் மூளையைப் பார்த்துச் செய்தவை என்பது உண்மையா?

பதில்: தொடக்கம் அங்கேதான். நரம்பியல் ஆய்வாளர்கள் ஹியூபலும் வீசலும் பூனை மூளையில் பார்வையைக் கவனிக்கும் பகுதியான பார்வைப் புறணியில் மின்முனை செருகிப் புள்ளிகளைக் காட்டினார்கள்; பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடி ஸ்லைடின் ஓரம் நிழலாகக் குறிப்பிட்ட சாய்வில் நகர்ந்தபோது ஒரு நியூரான் படபடவெனத் துடித்தது. 1959-இல் ஆய்வை வெளியிட்டார்கள். 1981-இல் நோபல் கிடைத்தது. அந்த ஆய்வை வைத்து 1980-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஃபுகுஷிமா நியோகாக்னிட்ரான் என்ற நியூரல் நெட்வொர்க்கை அமைத்தார். அதில் ஒரு வகைச் செல் கோட்டைப் பிடிக்கும்; மற்றது கோடு சற்று நகர்ந்தாலும் பொருட்படுத்தாது. இன்றைய பூலிங் இந்த இரண்டாவதன் வாரிசு. 2×2 கட்டத்தில் பெரிய மதிப்பை வைத்துக்கொண்டு, அது எந்த மூலையிலிருந்து வந்தது என்பதைத் தூக்கி எறிகிறது. பெயர் சொல்ல அது போதும். கோணம் சொல்லத்தான் உதைக்கும்.

நியூரல் நெட்வொர்க் ஆய்வாளர் ஹிண்டனின் குழு 2017-இல் வெளியிட்ட கேப்ஸ்யூல் வலை இதற்குத்தான் மாற்றுத் தேடியது: அதில் கேப்ஸ்யூல் எனப்படும் ஒவ்வொரு நியூரான் குழுவும் ஒரு வெக்டரை (எண் வரிசையை) விடையாகத் தரும்; அதன் நீளம் பொருள் இருக்கிறதா என்பதையும், திசை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சொல்லும். அடுக்குகளுக்கிடையே மறுபடி மறுபடி ஒத்துப் பார்ப்பதால் ஓட்டம் மெதுவாகிவிடும். ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் ஓட்ட நினைப்பவர்கள் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.