தொட்டிலைத் தொடும் முன் தாயிடம் கேளுங்கள்: கேள்வி பதில்

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டேன். பிறந்த குழந்தையைப் பரிசோதிக்கும் முன் தாயிடமும் குடும்பத்தாரிடமும் என்ன விசாரிக்க வேண்டும் என்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பயிற்சி மருத்துவர், மதுரை: தாய் சேய் நல அட்டையில் எல்லாமே எழுதியிருக்கிறது. தாயிடம் மறுபடியும் ஏன் கேட்க வேண்டும்?

அட்டையை முதலில் படியுங்கள். ரத்த வகை, சர்க்கரை, எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, ஸ்கேன் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அது கூட்டத்துக்கு நடுவே, மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லப்பட்ட பதில்களால் நிரம்பியது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பத் தயாராக இருந்த ஓர் ஆண் குழந்தை. அட்டையில் 'முதல் பிரசவம்' என்று இருந்தது. மாமியார் வெந்நீர் வாங்கப் போன நேரத்தில் கட்டிலோரம் உட்கார்ந்து, "இதற்கு முன் வயிற்றில் தரித்ததுண்டா அம்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் குழந்தையின் துணி முனையை விரலில் சுருட்டிக்கொண்டே, "ஒன்று பிறந்தது சார். பதினோராம் நாள் வாந்தி எடுத்தே போய்விட்டது" என்றாள். அதுவும் ஆண் குழந்தை. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாதாம்.

சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியில் பிறவிக் குறைபாடு இருந்தால் இப்படித்தான் நடக்கும். பெண் குழந்தையாக இருந்தால் பிறப்புறுப்பின் அமைப்பே காட்டிக்கொடுக்கும். ஆண் குழந்தையைத் தலைமுதல் கால்வரை பார்த்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வாரத்தில் உடலின் உப்பு வெளியேறி, குழந்தை துவண்டுவிடும். நாங்கள் ஹார்மோன் பரிசோதனை செய்தோம், குறைபாடு உறுதியானது, உடனே மருந்து தொடங்கினோம். அன்று என் கையும் ஸ்டெதஸ்கோப்பும் கண்டுபிடிக்காததைத் தாயின் ஒரு வாக்கியம் சொன்னது. அதனால்தான் சொல்கிறேன்: தாயைத் தனியாக, உட்கார்ந்து கேளுங்கள்.

செவிலியர் மாணவி, நாகர்கோவில்: எந்தப் பதிலுக்கு உடலில் எங்கே பார்க்க வேண்டும்?

இப்படித்தான் யோசிக்க வேண்டும், அம்மா. பனிக்குட நீர் மிக அதிகம் என்று ஸ்கேன் சொல்லியிருந்தால், முதல் பாலுக்கு முன்பே மெல்லிய குழாயை வாய்வழியாகச் செலுத்தி அது வயிற்றை எட்டுகிறதா என்று பாருங்கள். உணவுக்குழாய் அடைபட்டிருக்கலாம். தலைக்குப் பதில் பிட்டம் கீழே இருந்த குழந்தை என்றால், இடுப்பு மூட்டை இருமுறை சோதியுங்கள், ஆறாவது வாரத்தில் ஸ்கேனும் வேண்டும். தாய்க்குச் சர்க்கரை என்றால் குழந்தையின் ரத்தச் சர்க்கரை முதல் சில மணி நேரத்திலேயே இறங்கலாம். தாய்க்கு லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) என்றால் குழந்தையின் இதயத் துடிப்பை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்ததால் சுரப்பியையே அகற்றிவிட்டார்கள் என்று தாய் சொன்னாலும், சுரப்பியைத் தூண்டிய எதிர்ப்புப் பொருள் அவள் ரத்தத்தில் தங்கியிருந்து குழந்தையைப் படபடக்க வைக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது சிறுவயதில் கண்ணில் கட்டி வந்ததா என்று கேட்டுவிட்டுக் ஒளி பாய்ச்சும்போது குழந்தையின் கண்ணில் தெரியும் செந்நிறப் பிரதிபலிப்பைப் பாருங்கள். 'தண்ணீர் எப்போது உடைந்தது?' என்பதற்கு மணிக்கணக்கில் பதில் வாங்குங்கள். 18 மணி நேரம் தாண்டியிருந்தால் கிருமித்தொற்றை நினைத்தே ஆக வேண்டும்.

தந்தை, சேலம்: மனைவி ஓ பாசிட்டிவ், குழந்தை பி. காமாலை வருமா?

வரலாம். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் இரவானாலும் மருத்துவரை அழையுங்கள். இன்னொன்று: பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய புடவையில் குழந்தையைச் சுற்றாதீர்கள். ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடுள்ள குழந்தைக்கு அந்த உருண்டையின் வாடையே ரத்த அணுக்களை உடைக்கலாம்.

பாட்டி, திருநெல்வேலி: காமாலைக்கு இளவெயிலில் காட்டினால் போதுமா?

போதாது அம்மா. ரத்தப் பரிசோதனை செய்து அளவைப் பாருங்கள்.

தாய், ஈரோடு: காலை வெயில் எத்தனை நிமிடம்?

மேலே சொல்லிவிட்டேன். வெயில் மருந்தல்ல. பாச்சை உருண்டையும் வேண்டாம்.

ஆசிரியர், தர்மபுரி: சொந்தத்தில் மணந்தீர்களா என்று கேட்பது குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது. என் மனைவி என் அக்கா மகள். எங்கள் இரு பிள்ளைகளும் நலம்.

உங்கள் பிள்ளைகள் நீடூழி வாழட்டும் ஐயா. உங்கள் வருத்தம் நியாயமானது. முகத்தைச் சுளித்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்ட மருத்துவர்களை நானே கண்டித்திருக்கிறேன். ஆனால் கேள்வியைக் கைவிட மாட்டேன். பிறவிக் குறைபாடு எந்தத் தம்பதிக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு நேர்வதுதான். அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் அதோடு இன்னும் இரண்டு மூன்று கூடும். தாய்மாமன் மணத்தில் மரபணு நெருக்கம் அதைவிட இரு மடங்கு. அப்படியிருந்தும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன, உங்கள் வீட்டைப் போல. பழி சொல்வதற்காக நாங்கள் இதைக் கேட்பதில்லை. இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை திடீரென்று சோர்ந்தால் கிருமித்தொற்றோடு வளர்சிதை மாற்றக் கோளாறையும் (உணவை உடல் பயன்படுத்துவதில் உள்ள பரம்பரைக் கோளாறு) சேர்த்துத் தேட வேண்டும் என்பதற்காகக் கேட்கிறோம்.

கிராம சுகாதார செவிலியர், விழுப்புரம்: ஆசிரியர் ஐயா சொல்வதும் உண்மைதான். கேட்டாலே 'சொந்தமில்லை' என்று முடித்துவிடுகிறார்கள்.

நேராகக் கேட்காதீர்கள். "கல்யாணத்துக்கு முன் உன் மாமியாரை என்னவென்று கூப்பிடுவாய்?" என்று கேளுங்கள். 'அம்மாச்சி' என்றால் தாய்மாமன். 'அத்தை' என்றால் கூடப்பிறந்த அத்தையா, ஒன்றுவிட்டதா என்று அடுத்த கேள்வி. சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

ஆசிரியர், தர்மபுரி (மீண்டும்): அப்படிக் கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

நன்றி ஐயா. செவிலியர் அம்மா, இந்தப் பதிலைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவ மாணவர், தஞ்சாவூர்: அட்டையில் இருப்பதையே ஏன் திரும்பக் கேட்க வேண்டும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

தந்தை, கோவை: நாளை குழந்தையைப் பரிசோதிக்கிறார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். இன்றிரவு உங்கள் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் பக்கத்தில் பிறவியிலேயே காது கேளாதவர், இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவர், கைக்குழந்தையாகவே இறந்தவர் உண்டா என்று கேளுங்கள். மனைவியின் சகோதரர்களில், தாய்மாமன்களில் யாருக்காவது சிறு காயத்துக்கும் ரத்தம் நிற்காமல் போனதா என்று மாமியாரிடம் கேளுங்கள். ஒரு தாளில் எழுதி நாளை மருத்துவர் கையில் கொடுங்கள்.