விண்டோஸ் 11-லிருந்து 10-க்குத் திரும்பலாமா? கேட்டவர்களும் பதிலும்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இந்தக் கேள்விகள் வராத நாளில்லை. இன்று வந்தவற்றை வரிசையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணே, போன வாரம்தான் 11-க்கு மாறினேன். ஸ்டார்ட் பட்டன் நடுவுல நிக்கிறது கண்ணை உறுத்துது. பழையபடி ஆக்க முடியுமா?

முடியும் தம்பி. ஆனா இதுக்காக விண்டோஸையே மாத்தணுமா? டாஸ்க்பார் செட்டிங்ஸ்ல அலைன்மென்ட்டை இடது பக்கம் வச்சாலே பட்டன் பழைய இடத்துக்கு வந்துடும். அதுக்கப்புறமும் பிடிக்கலைன்னா செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி போய் 'கோ பேக்' அழுத்துங்க. மாறின நாளிலிருந்து 10 நாள்தான் அந்த வசதி இருக்கும். அந்த 10 நாளுக்குள்ள கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஒரு கட்டளை கொடுத்து 60 நாள் வரைக்கும் நீட்டிக்கலாம். கெடு முடிஞ்சப்புறம் அந்தக் கட்டளையும் உதவாது. உங்க ஃபோட்டோ, ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும். 11 வந்தப்புறம் போட்ட சாஃப்ட்வேர் மட்டும் போயிடும்.

சார், எனக்கு இன்னும் 10 நாள் ஆகல. ஆனாலும் கோ பேக் வேலை செய்யல. சி டிரைவ்ல இடம் இல்லைன்னு டிஸ்க் க்ளீனப் மட்டும் பண்ணினேன்.

அங்கதான் போச்சு. சி டிரைவ்ல 'விண்டோஸ்.ஓல்ட்'னு ஒரு ஃபோல்டர் இருந்திருக்கும், உங்க பழைய விண்டோஸ் அதுக்குள்ளதான் இருந்துச்சு. க்ளீனப்ல 'பழைய விண்டோஸ் இன்ஸ்டலேஷன்'னு இருந்த கட்டத்துல டிக் போட்டிருப்பீங்க. இனி புதுசா போடுறதுதான் வழி. மைக்ரோசாஃப்ட் தளத்துல மீடியா கிரியேஷன் டூல் கிடைக்கும், 8 ஜிபி பென் டிரைவ் ஒண்ணு போதும். அதே மெஷின்ல முன்னாடி 10 ஆக்டிவேட் ஆகியிருந்தா, புராடக்ட் கீ (விண்டோஸ் லைசென்ஸ் எண்) கேட்கும்போது 'என்கிட்ட இல்லை'ன்னு தாண்டிப் போங்க. முன்னாடி ஹோம் பதிப்பு இருந்தா ஹோம், ப்ரோ பதிப்பு இருந்தா ப்ரோன்னு சரியா தேர்ந்தெடுத்தா, நெட் வந்ததும் தானா ஆக்டிவேட் ஆயிடும்.

புதுசா போடுறதுக்கு முன்னாடி பேக்கப் எடுக்கும்போது டாக்குமெண்ட்ஸை மட்டும் எடுத்துட்டு நிம்மதியா இருந்துடாதீங்க. கணக்கு எழுதுற டேலி சாஃப்ட்வேரோட டேட்டா எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு டேலிக்குள்ளயே பார்த்துக்குங்க. ஆரம்ப காலத்துல ஒரு மளிகைக்கடைக் கணக்கை நான் இப்படித்தான் கோட்டை விட்டேன். ஒரு வருஷத்து பில்லை மறுபடி ஏத்தறதுக்குள்ள அந்த அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கல.

கோ பேக் அழுத்தினேன், முடிஞ்சுதுன்னு வந்துச்சு. திறந்தா மறுபடியும் 11-தான்!

நடுவுல 24எச்2 மாதிரி பெரிய அப்டேட் ஒண்ணு ஏறியிருக்கும். அந்த மாதிரி முழுசா ஏறுற அப்டேட் விண்டோஸ்.ஓல்டை மாத்திடும். அதனால நீங்க போய்ச் சேர்ந்தது பழைய 11. அங்கிருந்து 10-க்கு வர, மேலே சொன்ன பென் டிரைவ் வழிதான்.

லேப்டாப் வாங்கும்போதே 11 இருந்துச்சு. 10 போடப் பார்த்தா ஹார்ட் டிஸ்கே காட்டல. டிஸ்க் போயிடுச்சா அண்ணே?

பயப்படாதீங்க, டிஸ்க் நல்லாத்தான் இருக்கும். இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதுக்குப் பிந்தினதும் இருக்கிற லேப்டாப் பலதுல டிஸ்கைக் கையாள 'விஎம்டி'ன்னு ஒரு அமைப்பு இருக்கு. அதுக்கான டிரைவர், அதாவது டிஸ்கை விண்டோஸுக்குக் காட்டுற சாஃப்ட்வேர், 10-ஓட செட்டப்ல கிடையாது. லேப்டாப் கம்பெனி தளத்துல உங்க மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரிச்சு, அதே பென் டிரைவ்ல போட்டு, 'லோட் டிரைவர்' கொடுங்க. டிஸ்க் தெரியும். பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே திறக்கிற மெஷினோட அடிப்படை செட்டிங்ஸ்) விஎம்டியை அணைச்சாலும் தெரியும்தான். ஆனா 10 போடாம மனசு மாறினா, இருக்கிற 11 பூட் ஆகாது.

லைசென்ஸ் விஷயம்: 11 ப்ரோ போட்டு வந்த மெஷினுக்கு 10 ப்ரோ போட உரிமை உண்டு, ஹோமுக்கு அது கிடையாது.

பயாஸ்ல கை வைக்கறதுக்கு முன்னாடி டிஸ்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரோட ரிகவரி கீயைக் குறிச்சு வைங்க. 48 இலக்கம். உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குல இருக்கும். நீங்க பிட்லாக்கரை ஆன் பண்ணவே இல்லைன்னாலும், புது லேப்டாப்ல டிஸ்க் தானாவே பூட்டப்பட்டிருக்கலாம்.

அப்பாவுக்கு விண்டோஸ் 7 தான் பழக்கம். புது கம்ப்யூட்டர்ல அதையே போட்டுத் தரலாமா?

வேண்டாம்மா. அதுக்கு 2020 ஜனவரி 14-லயே சப்போர்ட் முடிஞ்சுது. செட்டப் ஓடும்போதே யுஎஸ்பி 3.0 போர்ட்ல மவுஸ் அசையாது, புது மெஷின்ல வர்ற என்விஎம்இ வகை டிஸ்கும் தெரியாது. எப்படியோ போட்டுட்டாலும் குரோம் பிரவுசர் 109-ஆம் பதிப்போட நின்னுடும். அப்பா தமிழ்ல டைப் பண்றவரா? 7-ல இன்ஸ்கிரிப்ட் கீபோர்டு முறை மட்டும்தான், 10-ல தமிழ்99 முறையும் கூடவே வருது. 10 போட்டு, டெஸ்க்டாப்ல அவருக்கு வேண்டிய நாலு ஐகானை மட்டும் பெருசா வைங்க.

எல்லாம் சரி, 10-க்குமே சப்போர்ட் முடிஞ்சிடுச்சே?

ஆமா, 2025 அக்டோபர் 14-ஓட. ஆனா 22எச்2 பதிப்பு இருந்தா நீட்டிப்புத் திட்டத்துல சேரலாம், 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சு செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் பண்ணினா காசு கிடையாது. பென் டிரைவ்ல போட்டு முடிச்ச அன்னைக்கே இதுல சேர்ந்துடுங்க. பேங்க் வேலை பார்க்கிற மெஷின்னா, சேர்றதுக்கு முன்னாடி நெட் பேங்கிங் திறக்காதீங்க.